வரப்பின் நீளமும் வயலின் பரப்பும்

பத்தாம் வகுப்பு மாணவர் படிக்கும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், முதல் அத்தியாயமே ‘உறவுகளும் சார்புகளும்’ என்றிருக்கக் காணலாம். அதனைத் தொடர்ந்து இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், அளவியல் என்பன வருகின்றன. செஞ்சி வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வின் நிமித்தம் செல்லுங்காலத்து அங்கத்தினர் பலர் நம்மிடம், “பிள்ளை இரவெல்லாம் எக்ஸ், ஒய் என்று எழுதிக்கொண்டிருக்கிறானே, ஐயா! இது தறிக்கு உதவுமா, ஏருக்கு உதவுமா?” என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பள்ளிக் கணக்கில் எங்கோ ஓர் ஏணியும் எங்கோ ஒரு கலங்கரை விளக்கமும் வருவதனால், அவை நம் வீட்டுக்கு உரியவை அல்ல என்னும் எண்ணம் உண்டாகிறது. ஆனால், சங்கப் பேரேடுகளை ஒட்டி எழும் தகராறுகளில் பல, யாரும் திருடியதனால் எழுந்தவை அல்ல. ஒருவகைச் சார்பை வேறுவகைச் சார்பாகக் கருதியதனாலும், ஒரு வடிவத்தை வேறொரு வடிவமாக எண்ணியதனாலும் எழுந்தவை. அவற்றுள் சிலவற்றை இங்கே விளக்குவோம். கரும்பலகை வேண்டா, ஒரு கயிறும் ஒரு பென்சிலும் போதும்.

நூல் குறைந்தது எங்கே?

சார்பு என்பது பெரிய சொல்லாகத் தோன்றினும் அதன் பொருள் எளியது. ஓர் அளவு மாறும்போது, அதனைச் சார்ந்து மற்றோர் அளவு ஒரு விதிப்படி மாறுமாயின், பின்னது முன்னதன் சார்பு எனப்படும். முன்னதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் பின்னதற்கு ஒரே ஒரு மதிப்புத்தான் கிடைக்க வேண்டும், நிபந்தனை அவ்வளவே. பாவின் நீளத்தைச் சார்ந்தது பாவு நூலின் எடை. எந்த விதிப்படி என்பதே கேள்வி.

நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் அளவைகள் வந்துவிட்டனவாயினும், பருத்தி நூலின் நம்பர் இன்றும் பழைய முறையிலேயே வழங்குகிறது. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். ஆகவே 60-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு, அதாவது 453.6 கிராமுக்கு, 60 சிட்டம் ஓடும். இப்போது 48 அங்குல அகலமுள்ள ஒரு பாவில் அங்குலத்திற்கு 70 இழை வீதம் 3360 இழைகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு கஜப் பாவுக்கு 3360 கஜம் நூல் வேண்டும். அஃதாவது சரியாக 4 சிட்டம். பவுண்டுக்கு 60 சிட்டமாதலின், 15 கஜப் பாவு ஒரு பவுண்டு நூலைக் கொள்ளும். கஜத்திற்கு 30.24 கிராம். பாவின் சுருக்கத்தையும் கஞ்சியின் எடையையும் இங்கே விட்டுவிடுவோம்.

இதுவரை எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பாவு முழுவதும் துணியாவதில்லை என்பதைத் தறியில் அமர்ந்தவர் அறிவர். தொடக்கத்தில் முடிபோடுவதற்கும், இறுதியில் விழுதுக்கும் அச்சுக்கும் பின்னால் நெய்ய இயலாமல் நின்றுவிடுவதற்கும் ஒரு நீளம் போய்விடுகிறது. தறிக்குத் தறி இது மாறும். எடுத்துக்காட்டுக்கு 1½ கஜம் என்க. 24 கஜத் துணிக்கு 25½ கஜப் பாவு வேண்டும். எடை 771 கிராம். 12 கஜத் துணிக்கு 13½ கஜப் பாவு வேண்டும். எடை 408 கிராம். 48 கஜத்திற்கு 49½ கஜம். எடை 1497 கிராம்.

சங்கத்து எழுத்தர் 24 கஜத்துக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ‘12 கஜம் என்பது அதில் பாதி’ என்று மூவெண் விதிப்படி 386 கிராம் நூல் கொடுக்கிறார் என்று கொள்வோம். நெசவாளருக்கு 22 கிராம் குறைகிறது. அவர் கைநூலைச் சேர்த்து நெய்து முடிப்பார். அல்லது துணியைச் சிறிது குறைத்துக் கொண்டுவருவார். குறைத்துக் கொண்டுவந்தால் அவர்மீது ஐயம் விழுகிறது. ‘அவர் வீட்டில் நூல் போகிறது’ என்னும் பேச்சு ஊரில் பரவ அதிக நாள் ஆகாது. மாறாக, 48 கஜப் பாவுக்கு இரட்டிப்பாக 1542 கிராம் வாங்கியவரிடம் 45 கிராம் மிஞ்சும். அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தால் நேர்மையாளர் என்று பெயர் பெறுவார். இருவரும் ஒரே நேர்மை உடையவர்களாக இருக்கலாம். சிறிய பாவு வாங்கியவருக்குப் பழியும் பெரிய பாவு வாங்கியவருக்குப் புகழும் கணக்கு முறையால் வந்தவை. ஏழை நெசவாளரே பெரும்பாலும் சிறு பாவு வாங்குகிறார் என்பதை எண்ணும்போது, இதனைச் சில்லறைப் பிழை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

கணக்குப் புத்தகம் இதற்குத் தரும் வடிவம் இது: எடை = 30.24 × நீளம் + 45. இதனை நேரியல் சார்பு என்பர். வரைபடத்தாளில் குறித்தால் நேர்க்கோடாக அமையும். ஆனால் அக்கோடு தொடக்கப் புள்ளியின் வழியே செல்லாது, 45 கிராம் உயரத்தில் தொடங்கும். மூவெண் விதி தொடக்கப் புள்ளியின் வழியே செல்லும் கோட்டுக்கு மட்டுமே பொருந்தும். இரட்டித்தால் இரட்டிக்கும் என்பது எல்லாச் சார்புக்கும் உரிய குணமன்று.

தறியின் கழிவு எவ்வளவு என்பதைத் தறியண்டை போய் அளக்காமலே பேரேட்டிலிருந்து கண்டுகொள்ளவும் வழியுண்டு. ஒரே வகைத் துணிக்கு, ஒரே தறியில், நூல் சரியாகத் தீர்ந்த இரண்டு பழைய பற்றுகளை எடுத்துக்கொள்க: 24 கஜத்திற்கு 771, 48 கஜத்திற்கு 1497. நீளத்தின் வேறுபாடு 24. எடையின் வேறுபாடு 726. வகுத்தால் கஜத்திற்கு 30¼ கிராம். அதனை 24-ஆல் பெருக்கி 771-இல் கழித்தால் 45 கிராம். இரண்டு புள்ளிகள் ஒரு கோட்டை நிர்ணயிக்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததன் பயன் இதுவே. மூன்றாவது பற்றும் அதே கோட்டில் விழுகிறதா என்று பார்த்தல் நன்று. விழாவிட்டால் நூலின் நம்பரையோ, தராசையோ முதலில் ஐயுறவேண்டும். மனிதரை அதற்குப் பின்னரே.

நான்கு பக்கமும் அளந்தாயிற்று, பரப்பு?

இனிக் கழனிக்கு வருவோம். நான்கு வரப்புகளையும் அளந்து, எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்கிப் பரப்புக் காணும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டில் எட்ஃபு என்னும் ஊர்க் கோயிலின் சுவரில் பொறித்துள்ள நிலக்கணக்குகளும் இம்முறையிலேயே அமைந்தவை. நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் இதனைக் கூறி, இது பருமட்டான கணக்கு என்றும் உடன் குறித்தார்.

முறை எளிது. ஆனால் அதில் ஒரு குணமுண்டு: அது ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வயல் நேர்சதுரமாகவோ செவ்வகமாகவோ இருந்தால் சரியாகக் காட்டும். இம்மியளவு கோணினாலும் மிகுத்தே காட்டும். காரணத்தை எளிதில் அறியலாம். ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால், அவை செங்கோணத்தில் கூடும்போதுதான் அதன் பரப்பு மிகுதியாகும். அப்போது அது அவ்விரு பக்கங்களின் பெருக்குத்தொகையில் பாதி. நாற்கோண வயலை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கி இவ்வுண்மையைப் பயன்படுத்துக. மற்றொரு மூலைவிட்டத்தாலும் அவ்வாறே செய்க. இரண்டு முடிவுகளின் சராசரியே மேற்சொன்ன பழைய கணக்கு. ஆகவே உண்மைப் பரப்பு அதற்குச் சமமாகலாம்; மிஞ்சாது. தீர்வை வாங்குவோரும் நிலம் விற்போரும் இம்முறையை விரும்பியதில் வியப்பில்லை!

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வயலின் வரப்புகள் வரிசையாக 50, 40, 50, 40 மீட்டர். பழைய கணக்கின்படி 2000 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டராதலின், 49.4 சென்ட். ஆனால் வயல் சாய்ந்து கிடக்கிறது; 40 மீட்டர் வரப்பு நேராக நில்லாமல், 24 மீட்டர் ஒருபுறம் ஒதுங்கி 32 மீட்டர் மட்டுமே உயர்கிறது. 24, 32, 40 என்பவை 3, 4, 5-இன் எட்டு மடங்குகளாதலின் கணக்கு ஒத்து வருகிறது. உண்மைப் பரப்பு 50 × 32 = 1600 சதுர மீட்டர்; அதாவது 39.5 சென்ட். ஏறத்தாழ 10 சென்ட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை; அது தொடக்கத்திலேயே இல்லை. இவ்வயலை விலைக்கு வாங்கியவர் 10 சென்ட் காற்றுக்குப் பணம் கொடுத்தவராகிறார். பயிர்க்கடன் ஏக்கர் வீதத்தில் கணக்கிடப்படுவதால், அவர் இல்லாத நிலத்துக்கும் சேர்த்துக் கடன்படுகிறார். விதையும் உரமும் அந்த அளவிலேயே வாங்குகிறார். நிலம் காணிக் கணக்கில் பேசப்பட்டாலும் இதுவே நிலை. ஒரு காணி 132 சென்ட் என்பது மட்டுமே வேறுபாடு.

‘பருமட்டான கணக்கு வேண்டா, நுட்பமான கணக்கே செய்வோம்’ என்று ஒருவர் கூறலாம். பிரம்மகுப்தரே ஒரு நுட்பமான விதியும் தந்திருக்கிறார்: நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, நான்கு மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. நம் வயலுக்குப் பாதித்தொகை 90, மீதிகள் 40, 50, 40, 50, பெருக்குத்தொகை 40 இலட்சம், வர்க்கமூலம் 2000. மறுபடியும் அதே 2000! விதி பொய்யன்று, நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மீது அமையும் நாற்கோணத்திற்கே அது உரியது. சாய்ந்த வயலின் மூலைகள் அவ்வாறு அமைவதில்லை. ஒரு மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ கூறாமல் நான்கு பக்கங்களை மட்டும் சொல்லிப் பரப்புக் கேட்பது பொருளற்றது என்பதை 1150-ஆம் ஆண்டில் ‘லீலாவதி’ இயற்றிய பாஸ்கராசாரியர் கடிந்தே கூறியிருக்கிறார்.

இதை உணர்வதற்கு வடமொழி நூல் வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் கிடக்கும் கயிற்றுக் கட்டில் போதும். முளை தளர்ந்த கட்டிலை ஒரு மூலையில் பிடித்துத் தள்ளினால் அது சாய்கிறது. நான்கு சட்டங்களின் நீளம் மாறவில்லை. படுக்கும் இடமோ குறைந்துபோகிறது. பக்கங்கள் ஒன்றே, பரப்புகள் பல. ஆகவே பரப்பு என்பது நான்கு பக்கங்களின் சார்பே அன்று! நான்கு பக்கங்களுடன் ஒரு மூலைவிட்டத்தையும் சேர்த்த ஐந்தளவுகளின் சார்பு அது. தறிச் சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கும் தச்சர் இவ்வுண்மையைக் கையால் அறிந்தவர். எதிர்ப்பக்கங்கள் சமமாகவும், இரு மூலைவிட்டங்களும் சமமாகவும் இருந்தால் அது செவ்வகம். நம் சாய்ந்த வயலில் ஒரு மூலைவிட்டம் 80.6 மீட்டர், மற்றொன்று 41.2 மீட்டர். வாங்குவதற்கு முன் கயிற்றைக் குறுக்கே ஒருமுறை பிடித்திருந்தாலே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

செய்யவேண்டுவது இதுதான். நீண்ட மூலைவிட்டத்தில் கயிறு கட்டுக. மற்ற இரு மூலைகளிலிருந்தும் அக்கயிற்றுக்குச் செங்குத்தாக உள்ள தூரங்களை அளக்க. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூலைவிட்டத்தால் பெருக்குக. நம் வயலில் செங்குத்துகள் இரண்டும் 19.85 மீட்டர், 80.6 × 19.85 = 1600, மிகச் சிறு பின்னம் நீங்கலாக. வருவாய்த்துறையின் புலப்படத்தைப் பார்த்தவர்கள், அதிலும் வயலின் குறுக்கே கோடுகளும், அவற்றிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்துகளும் வரையப் பெற்றிருப்பதை அறிவர். அக்கோடுகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல.

செங்குத்தை எவ்வாறு நிறுத்துவது? 12 மீட்டர்க் கயிற்றில் 3-ஆம் மீட்டரிலும் 7-ஆம் மீட்டரிலும் முடி போட்டு, இரு முனைகளையும் சேர்த்து முக்கோணமாக இழுத்துப் பிடித்தால், 3-ஆம் மீட்டர் முடியில் செங்கோணம் தானே அமையும்.

இவ்விடத்தில் போதையனார் பெயரால் வழங்கும் பழங்கணக்கு ஒன்றையும் நோக்குவோம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காண்பதற்கு அது வழி கூறுகிறது: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு கூற்றைக் கழித்து, சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டுக. 3-க்கும் 4-க்கும் செய்து பார்த்தால் 4 − ½ + 1½ = 5; மிகச் சரி. 5-க்கும் 12-க்கும் 12 − 1½ + 2½ = 13; அதுவும் சரி. இதைக் கண்டு, ‘பிதாகரஸ் எதற்கு?’ என்று மேடையில் முழங்குவோரும் உளர். நம் முன்னோர்மீது நமக்குள்ள மதிப்பு எவருக்கும் குறைந்ததன்று. ஆயினும் கணக்கைக் கணக்காகவே பார்க்கவேண்டும். இரு பக்கங்களும் 40 மீட்டரானால் இம்முறை 55 என்று காட்டும், உண்மை 56.57. பக்கங்கள் 60-ம் 10-ம் ஆனால் 57½ என்று காட்டும். கர்ணம் பெரிய பக்கத்தைவிடக் குறுகியது என்பது நடவாத காரியம்! இரண்டாம்படிச் சமன்பாடு எழுதித் தீர்த்தால், இம்முறை 3:4, 5:12 என்னும் இரண்டே விகிதங்களில் மட்டும் மிகச் சரியாகவும், அவற்றின் இடைப்பட்டவற்றில் மிக நெருக்கமாகவும், அவற்றைக் கடந்தால் விலகியும் செல்லும் என்று தெரியவரும். சாரம் கட்டுகின்றவருக்கும் கூரை வேய்கின்றவருக்கும் போதும். கிரயப் பத்திரத்திற்குப் போதாது.

கோட்டை மதிலும் ஆட்டுப்பட்டியும்

சுற்றளவு தெரிந்தால் பரப்புத் தெரியும் என்னும் மயக்கம் வயலோடு நிற்பதில்லை. நம் செஞ்சிக் கோட்டையைப் பற்றி அச்சாகும் பல குறிப்புகளில், மூன்று மலைகளையும் இணைக்கும் முக்கோண வடிவான கோட்டை என்றும், மதிலின் நீளம் 13 கிலோமீட்டர் என்றும், அது வளைத்த பரப்பு 11 சதுர கிலோமீட்டர் என்றும் காண்கிறோம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக, தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோட்டையாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தபின் இவ்வெண்கள் இன்னும் பலமுறை எடுத்தெழுதப் பெற்றன. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இவற்றைச் சோதிக்கலாம். கொடுத்த சுற்றளவில் மிகுதியான பரப்பை வளைக்கும் முக்கோணம் சமபக்க முக்கோணம். 13-ஐ மூன்றாகப் பகுத்தால் பக்கம் 4.33, அதன் வர்க்கத்தை 0.433-ஆல் பெருக்கினால் 8.13 சதுர கிலோமீட்டர். எந்த முக்கோணமும் இதற்குமேல் வளைக்க முடியாது. சதுரமாகக் கட்டியிருந்தாலும் 10.56-தான். முழு வட்டமாகக் கட்டினால் 13.45.

ஆகவே முக்கோணம், 13, 11 ஆகிய மூன்றும் ஒரே கோட்டையைப் பற்றிய உண்மைகளாக ஒருங்கே நில்லா. 13 என்பது முழுச் சுற்றாக இருந்தால், 11 என்பது அம்முக்கோணத்துக்குள் அடங்கிய நிலமாக இருத்தல் இயலாது. 11 அவ்வாறு அடங்கிய நிலமாயின் மதில் 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ராஜகிரியில் ஏறாமல், நாடாவைத் தொடாமல், வீட்டிலிருந்தபடியே இதைக் கூறிவிடலாம். நம் பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சிக் கணக்காகக் கொடுத்தால், பிள்ளைகள் கோட்டையையும் மறவார், சமபக்க முக்கோணத்தையும் மறவார்.

அரசர் மதிலுக்குள்ள விதியே ஆட்டுப்பட்டிக்கும் உரியது. 180 மீட்டர் கம்பிவலை இருக்கிறது. செவ்வகமாகப் பட்டி அடைக்கவேண்டும். ஒரு பக்கம் எக்ஸ் என்றால் மற்றது 90-இல் எக்ஸ் போக மீதி. 10-க்கு 80 என்று அடைத்தால் 800 சதுர மீட்டர். 20-க்கு 70 என்றால் 1400. 30-க்கு 60 என்றால் 1800. 40-க்கு 50 என்றால் 2000. 45-க்கு 45 என்றால் 2025. அதற்குமேல் போனால் வந்த வழியே எண்கள் திரும்பி இறங்கும். இது இருபடிச் சார்பு. வரைந்தால் கவிழ்த்த உண்கலம் போன்ற பரவளையமாகும். உச்சிக்கு அருகில் அது தட்டையாக இருப்பதைக் கவனிக்க. 40-க்கு 50 என்று அடைத்தவர் இழப்பது 25 சதுர மீட்டர்தான். 10-க்கு 80 என்று அடைத்தவரோ பாதிக்குமேல் இழக்கிறார். வேலியின் ஒரு பக்கம் ஏரிக்கரையாகவோ பாறையாகவோ அமைந்து அப்பக்கத்துக்கு வலை வேண்டாதாயின், குறுக்கே 45, 45, நெடுக்கே 90 என்று அடைப்பதே சிறந்தது. பரப்பு 4050, முன்னதன் இருமடங்கு!

அம்பாரம்

களத்தில் குவித்த நெல்லின் அளவைச் சுற்றளவிலிருந்து காணும் விதியும் ‘லீலாவதி’யில் உண்டு. அம்பாரத்தின் சுற்றளவில் ஆறில் ஒரு கூற்றை வர்க்கப்படுத்தி உயரத்தால் பெருக்குக என்பது அது. சுற்றளவு 12 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் எனில் 2 × 2 × 1.2 = 4.8 கனமீட்டர். இன்றைய கூம்புக் கணக்கின்படி 4.58. பழைய விதி வட்டத்தின் விகிதத்தை 3 என்று கொண்டதனால் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவான மிகுதி தோன்றுகிறது; கண்மதிப்புக்குப் பழுதில்லை. விற்பனைக்கூடத்தில் தராசு இருக்கும்போது இக்கணக்கு எதற்கு எனில், மூட்டைக்கும் வண்டிக்கும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதற்கு. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும்: ஒரே வகைத் தானியம் ஒரே சாய்வில்தான் குவியும், ஆதலின் சுற்றளவு இருமடங்கானால் உயரமும் இருமடங்காகும், நெல்லோ எட்டு மடங்காகும். ‘அவர் அம்பாரம் நம்முடையதைப்போல் இரண்டு பங்குதானே’ என்று இரண்டு வண்டி கொண்டுபோனவர் ஆறு வண்டிக்கு அலைய நேரும்.

ராஜகிரியின் உயரம்

இறுதியாக, ஏறாமல் உயரம் அளக்கும் முறை. ராஜகிரி 800 அடி, ஏறத்தாழ 240 மீட்டர், என்று அச்சிடுகின்றனர். எந்தத் தரையிலிருந்து என்று கூறாத உயரம் பாதிச் செய்தியே. அடிவாரத்திலிருந்து எவ்வளவு என்பதை மாணவர் குழு ஒன்று ஒரே காலைப்பொழுதில் கண்டுவிடலாம். தென்னை மரமாயின் அதன் அடிவரை சென்று தூரம் அளக்கலாம். மலையுச்சிக்கு நேர் கீழேயுள்ள புள்ளியோ பாறைக்குள் இருக்கிறது. ஆகவே இரண்டு இடங்களில் நின்று நோக்கவேண்டும். பாகைமானியின் நடுவில் நூல்கட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் விளிம்பு வழியே உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் தெரியும். ஓரிடத்தில் 30 பாகை. உச்சியை நோக்கிச் சமதரையில் நேராக நடந்து சென்ற மற்றோரிடத்தில் 45 பாகை. இடைத்தூரம் 150 மீட்டர் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். 45 பாகையில் உயரமும் தூரமும் சமம். 30 பாகையில் தூரம் உயரத்தின் 1.732 மடங்கு. வேறுபாடான 0.732 மடங்கே 150 மீட்டர். வகுத்தால் உயரம் 205 மீட்டர்.

இதே முறையை நாடளாவிய அளவில் கையாண்டவர் லாம்டன். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அவர் தொடங்கிய அளவைப்பணி வடக்கே இமயம்வரை சென்றது. நேபாளத்திற்குள் நுழையாமலே, தொலைவிலிருந்து கோணங்களை மட்டும் நோக்கி, பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர்பெற்ற சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தனர். 2020-இல் அறிவித்த 8848.86 மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 9 மீட்டரே.

லாம்டனின் கோணமானி அரை டன் எடையுடையது. அத்தனை பெரிய கருவி எதற்கு என்பது நம் ராஜகிரிக் கணக்கிலேயே விளங்கும். 30 பாகைக்குப் பதிலாக 31 என்று படித்துவிட்டால் உயரம் 205 அன்று, 226 மீட்டராகிவிடும். ஒரு பாகைக்கு 21 மீட்டர் பிழை! ஆதலின் பள்ளிப் பாகைமானியால் நோக்கும்போது ஒருவர் பார்த்தது போதாது. ஐந்தாறு பேர் தனித்தனியே பார்த்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதி, பின்னர்ச் சராசரி காணவேண்டும். காற்றில்லாத விடியற்காலையில் தூக்குக்குண்டு ஆடாது. கிடைத்த உயரத்துடன் தரையிலிருந்து நோக்குவோர் கண்வரையுள்ள அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.